அம்மாவுடன் கியோத்தோவில் மூன்று மாதம்

சென்ற மாதம் நம் சங்க நூலகத்தில் அன்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகளுக்கு ஜப்பானில் வேலை கிடைத்திருக்கிறதாம். இவரும் மனைவியும் போய் இரண்டு மாதம் தங்கப் போகிறார்களாம். "குளிர், வாடகை எல்லாம் இருக்கட்டும் சார். நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள், அதைச் சொல்லுங்கள்" என்றார். நின்றபடியே சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. எழுதியே தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், என் அம்மாவிடம் நான் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லாமல் இதை எழுத முடியாது என்பது புரிந்தது.

கம்பெனி வேலையாக 2015 ஆகஸ்டிலிருந்து மூன்று ஆண்டுகள் கியோத்தோவில் இருந்தேன். மனைவியின் வேலை, பிள்ளையின் படிப்பு இரண்டும் தில்லியில். எனவே அங்கே தனிக்கட்டை. முட்டை சாப்பிடுவேன், மற்றபடி சைவம். போன புதிதில் ஒரு சக ஊழியர் எனக்கு ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்தார்: 'நிக்கு நாஷி', இறைச்சி இல்லாமல். இந்த ஒரு மந்திரத்தை வைத்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டு வருடம் ஓட்டினேன். காலையில் மிசோ சூப், மதியம் உதோன் என்ற தடித்த கோதுமைச் சேவை, வழியில் பசித்தால் உப்பில் ஊறிய பழம் வைத்த சோற்று உருண்டை. ஜப்பானில் சைவம் சாப்பிடுவது கஷ்டம் என்று சொல்பவர்களைப் பார்த்து மனதுக்குள் சிரித்ததும் உண்டு.

2017 மே மாதம் முதல் வாரத்தில் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்தாள். தொண்ணூறு நாள் விசா. வயது அப்போது அறுபத்தெட்டு. பிறந்ததிலிருந்து முட்டை கூடத் தொடாத சைவ வீட்டு மனுஷி. பெட்டியில் பாதி இடம் புளி, வற்றல், மல்லிப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய். மீதி இடத்தில்தான் புடவை.

சகுரா பூ அதற்குள் கொட்டி முடிந்திருந்தது. அன்பர் வசந்தத்தில் போவதானால் இதைக் குறித்துக்கொள்ளட்டும்: கியோத்தோவில் செர்ரி பூப்பது மார்ச் கடைசியிலோ ஏப்ரல் முதலிலோ, அதுவும் ஒரு வாரம் பத்து நாள்தான். அந்த ஊரில் பூத்த தேதிகளின் குறிப்பு ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கிறது. 2021-இல் மார்ச் 26-ஆம் தேதியே முழுதாகப் பூத்துவிட்டது. அதுவரையிலான அத்தனை நூற்றாண்டுக் குறிப்பிலும் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை. ஆகவே டிக்கெட்டைப் பஞ்சாங்கம் பார்த்து வாங்கிப் பயனில்லை.

அம்மாவுக்குப் பூ போனதில் வருத்தமில்லை. அவளுடைய சந்தோஷம் காய்கறிக் கடையில் இருந்தது. நிஷிக்கி சந்தைக்குக் கூட்டிப் போனேன். கியோத்தோவின் நடுவில் மேலே கூரை போட்ட ஒரே நீளத் தெரு, இருபுறமும் கடை. மீன் கடைகளை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கடந்தவள், ஒரு காய்கறிக் கடை முன் நின்றுவிட்டாள். "ஏய்யா, இது சேப்பங்கிழங்கு இல்லா?" சேப்பங்கிழங்குதான். தாமரைக் கிழங்கு, முள்ளங்கி, பரங்கி, கத்தரி, பாகல், வெண்டை எல்லாம் இருந்தன. வெண்டைக்காயை அங்கே 'ஒகுரா' என்கிறார்கள். பருப்பும் அரிசி மாவும் கோபே நகரத்து இந்தியக் கடையிலிருந்து வந்தன. கோபே பழைய துறைமுகம். சிந்தி, குஜராத்தி வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஊர். 1985-இல் கட்டிய ஜைனக் கோவில் கூட உண்டு. ஜப்பானிய அரிசி ஒட்டும் அரிசி. சாம்பாருக்கு ஒத்துவராது, ஆனால் தயிர் சாதத்துக்கு அதைப் போல் ஒன்று கிடையாது. தேங்காய்ப் பால் டப்பாவில் கிடைத்ததால் இரண்டாவது ஞாயிறே வீட்டில் சொதி கொதித்தது.

இப்படி இருக்கையில் ஒரு நாள் அம்மாவை எங்கள் தெருமுனை உதோன் கடைக்கு அழைத்துப் போனேன். வயதான கணவன் மனைவி நடத்தும் சின்னக் கடை, பத்துப் பேர் உட்காரலாம். நான் வழக்கம் போல் 'நிக்கு நாஷி' என்றேன். அவர் 'ஆமாம், இல்லை' என்று தலையாட்டினார். தெளிவான பொன்னிறச் சாற்றில் சேவை, மேலே இனிப்பாக வேகவைத்த தோஃபு வறுவல். "இதுல மீன் கீன் ஒண்ணும் போடலயே?" என்று அம்மா கேட்டாள். இல்லை என்றேன். ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "நம்ம ரசம் மாதிரி உறைக்கல. ஆனா தொண்டைக்கு இதமா இருக்கு" என்று கிண்ணத்தைக் காலி செய்தாள். மாதக் கடைசியில் அவளே கேட்டு இன்னொரு முறை போனோம்.

ஜூன் முதல் ஞாயிறு, சக ஊழியர் ஒருவர் வீட்டில் எனக்கு மதியச் சாப்பாடு. அம்மாவுக்குக் கால்வலி என்பதால் வரவில்லை. சமையலறையில் நண்பரின் மனைவி ஒரு பானையில் கடற்பாசிப் பட்டையைப் போட்டுச் சூடாக்கினார். கொதி வருவதற்கு முன் அதை எடுத்துவிட்டு, மரச் சீவல் போல் ஏதோ இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டார். சற்றுப் பொறுத்துத் துணியில் வடிகட்டினார். பொன்னிறச் சாறு. எனக்கு நன்றாகப் பழக்கமான வாசனை. அது என்ன என்று கேட்டேன். 'கட்சுவோபுஷி' என்றார். அகராதியைப் புரட்டினேன். சூரை மீனை வேகவைத்து, புகையில் உலர்த்தி, கட்டையாக்கிச் சீவியது. நம் தூத்துக்குடிப் பக்கம் மாசிக் கருவாடு என்கிறார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

இந்தச் சாற்றுக்குத் 'தாஷி' என்று பெயர். மிசோ சூப், உதோன், வேகவைத்த காய்கறி, தோஃபு வறுவலை ஊறவைக்கும் நீர் எல்லாவற்றுக்கும் இதுதான் அடி. நமக்குப் புளித் தண்ணீர் மாதிரி. நாம் யாராவது 'சாம்பாரில் புளி இருக்கிறது' என்று தனியாகச் சொல்லுகிறோமா? அவர்களும் அப்படித்தான். மீன் என்றால் தட்டில் கிடக்கும் துண்டுதான் அவர்களுக்கு மீன், தாஷி மீன் ஆகாது. உதோன் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு. அந்தக் கடற்பாசிப் பட்டையின் பெயர் 'கொம்பு'. 1908-இல் தோக்கியோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் இக்கேதா கிக்குனாயே அந்தக் கொம்புச் சாற்றின் ருசிக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். அதிலிருந்து வந்ததுதான் மறு வருடமே விற்பனைக்கு வந்த அஜினோமோட்டோ. கொம்பு மட்டும் போட்டால் சைவம். கூட மீன் சீவல் விழுந்தால் நம் கணக்கில் போயிற்று.

ஏறக்குறைய இரண்டு வருடமாக நான் குடித்தது என்ன என்பதை என்னளவில் அன்று மாலையே ஜீரணித்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. கால்வலி சரியாகட்டும் என்று ஒரு நாள், ஏகாதசி போகட்டும் என்று ஒரு நாள். தெரியாமல் சாப்பிட்டது தோஷமில்லை என்று எனக்கு நானே சமாதானம். உதோன் கடைப் பக்கம் மட்டும் அவளைக் கூட்டிப் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அரஷியாமா போனோம். மூங்கில் காடு, ஆறு, மரப்பாலம் என்று எல்லாரும் போகும் இடம். அங்கே 1339-இல் நிறுவிய தென்ரியூஜி என்ற ஜென் ஆலயம் இருக்கிறது. அதன் தோட்டத்துக்குள்ளேயே 'ஷிகெட்சு' என்ற சாப்பாட்டுக் கூடம். பௌத்தத் துறவிகளின் உணவான 'ஷோஜின் ரியோரி' பரிமாறுகிறார்கள். மீன், இறைச்சி மட்டுமல்ல, வெங்காயம், பூண்டு கூடச் சேர்ப்பதில்லை. குறைந்த விலைச் சாப்பாடே அப்போது 3,000 யென், அன்றைய கணக்கில் 1,700 ரூபாய் ஆயிற்று. நீளக் கூடத்தில் பாயில் அமர்ந்தோம். சிவப்பு அரக்குத் தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்கள். எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிண்டிய 'கோமா தோஃபு' அம்மாவுக்கு மிகவும் பிடித்தது. "பூண்டு இல்லாம விரதச் சமையல் மாதிரி இருக்கு" என்று ஒரு குறையும் சொன்னாள்.

அங்கே என் வாய் சும்மா இருக்கவில்லை. "இங்கே சாறுக்குக் கூட மீன் போட மாட்டார்கள் அம்மா. கொம்பும் காளானும்தான்" என்றேன். அம்மா குச்சியைக் கீழே வைத்தாள். "அப்பம் மத்த இடத்துல?"

தோட்டத்துக் குளத்தின் எதிரே திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உனக்கு எப்பம் தெரியும்?" என்றாள். இரண்டு வாரம் ஆயிற்று என்றேன். "தெரியாமச் செஞ்சது போவுது. தெரிஞ்சப்புறம் பதினாலு நாளு வாயத் திறக்காம இருந்தியேய்யா." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வீடு திரும்பித் தலைக்குக் குளித்தாள். அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து வெளியில் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. என்னோடு பேசாமல் இல்லை. ஆனால் நான் 'இதில் ஒன்றுமில்லை அம்மா' என்று எதைக் கொடுத்தாலும், பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். அவளுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. அதுதான் எனக்குச் சுட்டது.

கோயாசான் மலைக்கு முன்பே இடம் பதிவு செய்திருந்தேன். போக மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். கோவில் என்றதும் கிளம்பினாள். புளியோதரை கட்டிக்கொண்டாள். (ஜப்பானில் சாதாரண ரயிலில் சாப்பிடுவது மரியாதை இல்லை. இருக்கை பதிவு செய்த விரைவு வண்டியில் தாராளமாகச் சாப்பிடலாம்.) ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரம், கடைசியில் செங்குத்தாக ஏறும் கேபிள் வண்டி. எண்ணூறு மீட்டர் உயரத்தில் மலைகளுக்கு நடுவே நூற்றுக்கும் மேற்பட்ட ஆலயங்கள். ஏறக்குறைய ஐம்பதில் யாத்ரீகர்கள் தங்கலாம். கோபோ தைஷி எனப்படும் கூகாய் என்ற துறவி சீனத்துக்குப் போய் மந்திர பௌத்தமும் சமஸ்கிருதமும் கற்று வந்து, 816-இல் அரசரிடம் இந்த மலையைப் பெற்றார். பெண்கள் ஏறக் கூடாது என்ற தடை இருந்தது. 1872-இல்தான் அரசு அதை நீக்கியது. பெண்கள் வெளியிலேயே நின்று கும்பிட்ட சிறு மண்டபம் ஒன்று இன்னும் இருக்கிறது. அம்மா அதன் வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள்.

மாலை ஐந்தரை மணிக்கே இளம் துறவி ஒருவர் அறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். உறையவைத்து உலர்த்திய கோயா தோஃபு, காய்கறி வறுவல், சோறு, ஊறுகாய். அம்மா என்னிடம் கேட்கவில்லை. அவரைப் பார்த்து, "தாஷி?" என்றாள். எங்கே கற்றாள் என்று எனக்கே தெரியவில்லை. அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, "கொம்பு" என்றார். அம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். "மாட்டுக் கொம்பாய்யா?" கடற்பாசி என்று நான் விளக்கி முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

மறுநாள் காலை ஆறு மணி ஆராதனை முடிந்ததும் ஒகுனோஇன் போனோம். பெரிய பெரிய சிடார் மரங்களின் ஊடே இரண்டு கிலோமீட்டர் பாதை, இருபுறமும் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கல்லறைகள். பல கல்லறைகள் ஐந்து கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. கீழே சதுரம் நிலம், மேலே உருண்டை நீர், அதற்கு மேல் தீ, காற்று, ஆகாசம். ஒவ்வொன்றிலும் நம் நாட்டுப் பழைய சித்தம் எழுத்தில் ஒரு பீஜாட்சரம். "பஞ்சபூதம்லா" என்று அம்மா கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாதையின் முடிவில் கூகாயின் சமாதி. அவர் 835-இல் இறக்கவில்லை, தியானத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை. ஆகவே தினமும் காலை ஆறு மணிக்கும் பத்தரைக்கும் அவருக்குச் சாப்பாடு போகிறது. பத்தரை மணிக்கு நாங்கள் பார்த்தோம். மஞ்சள் உடை உடுத்த இரண்டு துறவிகள் மரப்பெட்டியைச் சுமக்க, முன்னால் ஒருவர். போகும் வழியில் ஜிஸோ சன்னிதி ஒன்றில் பெட்டியை வைத்துக் கும்பிட்டார்கள். அவர் 'ருசி பார்க்கும் ஜிஸோ'. அவர் ருசி பார்த்த பிறகுதான் சாப்பாடு பாலத்தைத் தாண்டுகிறது. இதை நான் சொன்னதும் அம்மா, "பாரு, சாமிக்கே ஒருத்தர் பாத்துட்டுத்தான் குடுக்காரு" என்றாள். எனக்குச் சொன்னதுதான்.

திரும்பி வந்ததும் நான் செய்த காரியத்தைத்தான் நூலகத்து அன்பருக்குச் சொல்ல விரும்புகிறேன். ஒரு ஜப்பானிய நண்பரின் உதவியோடு அட்டை ஒன்று எழுதினேன். மீன், இறைச்சி, முட்டை, இவற்றின் சாறு, பொடி எதுவும் ஆகாது என்று மேலே. கொம்பு, காளான், சோயா சாஸ், மிசோ, தோஃபு ஆகும் என்று கீழே. கீழ்ப் பாதிதான் முக்கியம். ஆகாததை மட்டும் சொன்னால் சமைப்பவர் கையைப் பிசைவார். ஆவதைச் சொன்னால் யோசிக்கத் தொடங்குவார். அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை தனியாக உதோன் கடைக்குப் போனேன். பெரியவர் இரண்டு முறை படித்தார். பல்லிடுக்கில் மூச்சை உறிஞ்சினார். கஷ்டம் என்பதற்கு அங்கே அதுதான் சைகை. பிறகு, "நாளை மறுநாள் வர முடியுமா?" என்றார்.

ஞாயிறன்று அம்மா வருவதற்குச் சம்மதித்தது எனக்கே ஆச்சரியம். பெரியவர் அவளைச் சமையலறைக்குள் அழைத்துத் தனிப் பானையைக் காட்டினார். முந்தின இரவே ஊறப்போட்ட கொம்பும் ஷியித்தாக்கே காளானும். தோஃபு வறுவலையும் அந்தச் சாற்றிலேயே தனியாக வேகவைத்திருந்தார். அம்மா பானையை முகர்ந்து பார்த்தாள், பிறகுதான் உட்கார்ந்தாள். "முன்ன இருந்த அந்த ருசி இல்ல" என்று மெல்லச் சொன்னாள். அது உண்மைதான். ஆனால் கிண்ணத்தில் மிச்சம் வைக்கவில்லை. பில் வழக்கமான விலை. ஜப்பானில் டிப்ஸ் வாங்க மாட்டார்கள். மறுநாள் அம்மா முந்திரிக்கொத்து செய்து எடுத்துப் போனாள். பெரியவர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அம்மாவுக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது.

பசியோடு போய் நின்று கேட்டால் அங்கே 'முடியாது' என்ற பதில்தான், அதுவும் பல தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. ஒரு நாள் முன்னால் சொன்னால் அதே மனிதர் தனிப் பானை வைக்கிறார். தங்கும் விடுதிகளிலும் இதையே கண்டேன்.

தின்பண்டத்தில் இவ்வளவு தொல்லை இல்லை. பழைய பாணி இனிப்புகள் பெரும்பாலும் அரிசி மாவு, சிவப்புப் பயறு, சர்க்கரை. குழைவாக இருப்பவை ஜெலட்டின் அல்ல, பெரும்பாலும் கடற்பாசிக் 'கான்தென்'. கேட்டுக்கொள்வது நல்லது. கியோத்தோவில் ஜூன் 30-ஆம் தேதி 'மினாசுக்கி' என்ற முக்கோணப் பண்டம் சாப்பிடுவார்கள். வெள்ளை மாவுக் களியின் மேல் சிவப்புப் பயறு. பனிக்கட்டியின் வடிவமாம் அது. மீதி ஆறு மாதம் நோயின்றிக் கழிய வேண்டி உண்பது. காராமணி போட்ட இனிப்புக் கொழுக்கட்டை நினைவு வரும். ஜனவரி 15-இல் சிவப்புப் பயறுக் கஞ்சி. இதையும் பொங்கலையும் ஒப்பிட்டு எழுதியவர் மொழியியலாளர் சுசுமு ஓனோ. தமிழும் ஜப்பானியமும் உறவு என்ற அவர் கொள்கையை மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. கஞ்சி நன்றாகவே இருக்கிறது.

ஜூலை வந்தது. அந்த வருடம் நெல்லையப்பர் ஆனித் தேரைத் தவறவிட்டோமே என்று அம்மாவுக்குக் குறை. கியோன் மட்சுரி தேரோட்டத்துக்கு அழைத்துப் போனேன். 869-இல் கொள்ளை நோய் தணிய வேண்டித் தொடங்கிய விழா. 'கியோன்' என்பது புத்தர் தங்கிய ஜேதவனத்தின் பெயர்தான். ஜூலை 17 காலை முப்பத்தைந்து டிகிரி வெயிலில் 23 தேர்கள் வந்தன. பெரியவை 12 டன் வரை எடை, உச்சியிலுள்ள கம்பத்தோடு சேர்த்து 25 மீட்டர் உயரம். ஆணி அடிக்காமல் வைக்கோல் கயிற்றால் கட்டியவை. உள்ளே மணியும் குழலும் மேளமும். பக்கங்களில் தொங்கும் திரைச் சீலைகள் சீனம், பாரசீகம், ஐரோப்பா என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவை. நம் தக்காணத்தில் நெய்த பழங்கம்பளங்களும் உண்டு.

அம்மாவுக்குச் சீலையில் கவனமில்லை. "இது எப்படித் திரும்பும்?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாத சக்கரம். ஷிஜோ கவாராமாச்சி முனையில் நின்றோம். சக்கரத்துக்கு அடியில் பிளந்த மூங்கிலைப் பரப்பித் தண்ணீர் ஊற்றினார்கள். வடத்தைப் பக்கவாட்டில் மாற்றிக் கட்டினார்கள். தேர் முகப்பில் நின்றவர்கள் விசிறியை வீசிக் குரல் கொடுக்க, அத்தனை பேரும் ஒரே இழுப்பு. தேர் கிறீச்சிட்டு மூங்கில் மேல் வழுக்கிக்கொண்டு திரும்பியது. மூன்று இழுப்பில் முழுத் திருப்பம். "நம்ம ஊர்ல முட்டுக்கட்டை போடுவான், இவன் வழுக்க விடுதான்" என்று கைதட்டினாள்.

முந்தின இரவு தெருவெல்லாம் விளக்கும் கடையும். எங்கும் ஆக்டோபஸ் உருண்டை, பொரித்த கோழி வாசனை. அம்மா நேராகச் சோளக்கதிர் சுடுபவனிடம் போய்ச் சோயா சாஸ் கிண்ணத்தைக் காட்டி, "தாஷி நாஷி?" என்றாள். அந்தப் பையன் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, வெறும் சோயா சாஸ்தான் என்றான். வாங்கிக் கடித்தாள், எனக்கும் பாதி ஒடித்துக் கொடுத்தாள். பிறகு அவள் பொட்டலங்களை என்னிடம் நீட்டத் தொடங்கினாள். நானும் ஒவ்வொன்றையும் கடைசி எழுத்து வரை படித்த பிறகுதான் பதில் சொன்னேன்.

கொரோனாவால் 2020-லும் 2021-லும் அந்தத் தேர்கள் ஊர்வலம் போகவில்லை. 2022-இல் மீண்டும் ஓடின. அந்த ஆண்டு அக்டோபரில் தனிப் பயணிகளுக்கும் கதவு திறந்தது. இப்போது பொட்டலத்து எழுத்தைக் கைப்பேசியே படித்துச் சொல்கிறது. சைவப் பட்டியல் வைத்த கடைகளும் உண்டு. இருந்தாலும் அன்பர் அட்டை எழுதிக்கொண்டே போகட்டும். என்னுடையதை நகலெடுத்துத் தருகிறேன்.

அம்மா ஊருக்குப் போகும்போது புளியும் வற்றலும் இருந்த இடத்தில் இரண்டு கட்டு கொம்பு போயிற்று. ரசத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பெருசா இல்ல" என்று போனில் சொன்னாள். மூன்று மாதம் கழித்து மறுபடி போன். கொம்பு தீர்ந்துவிட்டதாம், வருகிற ஆட்கள் யாரிடமாவது கொடுத்துவிட முடியுமா என்று கேட்டாள்.